வாய்தான் குட்டியின் கை: நாய்க்குட்டி கடிப்பதைப் புரிந்துகொள்ள

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆனவர்களை அவர்கள் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மணிக்கட்டில் மெல்லிய சிவப்புக் கோடுகள், கணுக்காலில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள், பேண்ட் ஓரத்தில் நூல் பிரிந்த இடம். வந்த நாளில் மடியில் சுருண்டு தூங்கிய குட்டி இப்போது கையை நீட்டினாலே பாய்ந்து கவ்வுகிறது. விலக்கினால் இன்னும் வேகமாகக் கவ்வுகிறது. சில நேரம் உறுமவும் செய்கிறது. "இப்போதே இப்படிக் கடிக்கிறதே, வளர்ந்தால் என்ன ஆகுமோ" என்ற பயம் அப்போதுதான் வருகிறது. அந்தப் பயத்தில் பலர் அடிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் குட்டியையே யாரிடமாவது கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டும் வேண்டாம். இரண்டு மாதத்திலிருந்து ஐந்து மாதம் வரை குட்டி கடிப்பதில் மிகப் பெரும் பகுதி விளையாட்டு, ஈறு நமைச்சல், தூக்கக் குறைவு. அதில் கோபமோ வன்மமோ இல்லை. அதற்காக, தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. இந்தச் சில மாதங்களில் குட்டி கற்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பிறகு அதைக் கற்றுக்கொடுப்பது மிகவும் கடினம். 'கடிக்காதே' என்பதைவிட முக்கியமான பாடம் அது: தன் பல்லுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, அது பட்டால் எதிரே இருப்பவருக்கு எப்படி வலிக்கும் என்று குட்டிக்குத் தெரிய வேண்டும்.

பல் எதற்காக இவ்வளவு கூர்மை

நமக்குக் கை இருக்கிறது. ஒரு பொருள் மெத்தென்று இருக்கிறதா, கடினமா, நகருமா என்று தொட்டுப் பார்க்கிறோம். நாய்க்குட்டிக்கு அந்த வேலையை எல்லாம் வாய்தான் செய்கிறது. தவழும் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாய்க்குக் கொண்டுபோவதைப் போலத்தான் இதுவும். செருப்பு, மேசைக்கால், உங்கள் விரல் என்று குட்டி வேறுபாடு பார்ப்பதில்லை.

குட்டிகள் பல் இல்லாமல்தான் பிறக்கின்றன. மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கும். எட்டு வாரத்துக்குள் 28 பால் பற்களும் வந்துவிடும். அவை மெலிந்து, ஊசிபோல் இருக்கும். மூன்றரை, நான்கு மாத வாக்கில் முன்பற்கள் விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலையான பற்கள் வந்து சேரும். குட்டியின் தாடைக்கு இந்த வயதில் வலு குறைவு. பல் மழுங்கலாக இருந்தால் அது கடிப்பது யாருக்கும் உறைக்காது. கூர்மையாக இருப்பதால்தான், பெரிய காயம் எதுவும் ஆகாமலேயே, கடிபட்டவர் உடனே 'வலிக்கிறது' என்று காட்டிவிட முடிகிறது. பால் பல்லின் கூர்மைக்கு இப்படி ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு இது மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

அந்தப் பாடத்தின் முதல் ஆசிரியர்கள் தாயும் கூடப் பிறந்த குட்டிகளும். ஐந்தாறு வாரக் குட்டிகள் கட்டிப் புரள்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒன்று மற்றொன்றின் காதைக் கவ்வும். அழுத்தம் கூடினால் கவ்வப்பட்டது கீச்சென்று கத்திவிட்டு விலகிப்போகும். கவ்விய குட்டி ஒரு கணம் திகைத்து நிற்கும். விளையாட்டு நின்றுபோனதுதான் அதற்குத் தண்டனை, வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. பால் குடிக்கும்போது பல் அழுத்தினால் தாய் எழுந்து போய்விடும். இப்படி நாளுக்குப் பல முறை, யாரும் அடிக்காமல், குட்டி தன் கடியை அளக்கக் கற்கிறது.

எட்டு வாரத்துக்கு முன்பே குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு வாரத்திலேயே பிரிக்கப்பட்டதோ, கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் ஒற்றைக் குட்டியாகப் பிறந்ததோ, புட்டிப் பாலில் வளர்ந்ததோ உங்களிடம் இருந்தால் அது மற்றக் குட்டிகளைவிட அழுத்திக் கடிக்கும். அதன் மேல் தப்பு இல்லை. அதற்குப் பாடம் சொல்ல யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அழுத்தம் குறையட்டும், அப்புறம் எண்ணிக்கை

கால்நடை மருத்துவரும் நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவருமான இயன் டன்பர் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் கருத்து ஒன்று இங்கே உதவும். குட்டி வாய் வைப்பதை முதல் நாளிலேயே முழுக்கத் தடுத்துவிட்டால், தன் கடியின் அளவைக் கற்கும் வாய்ப்பே அதற்கு இல்லாமல் போகிறது. வளர்ந்த பிறகு ஒரு நாள் யாரோ தெரியாமல் அதன் வாலை மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அதிர்ச்சியில் எந்த நல்ல நாயும் திரும்பி வாய் வைக்கும். அளவு தெரிந்த நாயின் பல் தோலில் பட்டு விலகிவிடும். அளவு தெரியாத நாயின் பல் சதையில் இறங்கும். இரண்டுக்கும் அன்றைய கோபம் ஒன்றுதான், வேறுபாடு குட்டிப் பருவத்தில் கிடைத்த பழக்கத்தில் இருக்கிறது.

நாய்க்கடியை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்றையும் டன்பர் வகுத்தார். முதல் நிலையில் பல் தோலில் படுவதே இல்லை. இரண்டாவதில் படும், ஆனால் துளைக்காது. மூன்றாவதில் துளைக்கும், ஆனால் கோரைப் பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்காது. நான்காவதிலிருந்து காயம் ஆழமாகிறது, ஆறாவது மரணம். வளர்ந்த நாய் எப்போதாவது தவறினாலும் முதல் இரண்டு நிலைகளைத் தாண்டாமல் இருக்க வேண்டும். நாம் இப்போது செய்யும் வேலை எல்லாம் அதற்காகத்தான்.

அதனால் முதல் சில வாரங்கள் எல்லாக் கவ்வலுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டாம். லேசாக வாய் வைத்தால் பொம்மையைக் காட்டித் திசைதிருப்பினால் போதும். வலிக்கும்படி கடித்தால் விளையாட்டு அங்கேயே நிற்க வேண்டும். அழுத்தமான கடிகள் குறைந்த பிறகு, நடுத்தரமான கடிக்கும் விளையாட்டை நிறுத்துங்கள். பிறகு லேசான கடிக்கும். கடைசியில் மனிதத் தோலில் பல்லே படக்கூடாது என்ற இடத்துக்கு வந்து சேரலாம். இதற்கு ஓரிரு மாதம் ஆகும். இரண்டு நாளில் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடித்த அந்த நொடியில் என்ன செய்வது? நம் உடம்பு தானாகச் செய்வது கையை வெடுக்கென்று இழுப்பது. அதுதான் செய்யக்கூடாதது. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் ஊறியது. இழுக்கும் கை குட்டிக்கு ஓடும் எலியாகிவிடுகிறது, கூடவே தோலும் கிழிகிறது. கையை அப்படியே தளர்த்தி அசையாமல் வையுங்கள். உயிரில்லாத கை குட்டிக்குச் சுவாரசியமாக இருக்காது, பெரும்பாலும் பிடியைத் தளர்த்தும். தளர்த்தியதும் ஒரு பேச்சும் இல்லாமல் எழுந்து விலகுங்கள். பத்து இருபது விநாடி போதும். திரும்பி வந்து அமைதியாக விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி கடித்தால் மறுபடி விலகுங்கள். மூன்று நான்கு முறை ஆகியும் அதே வேகத்தில் இருந்தால் குட்டிக்கு இப்போது விளையாட்டு வேண்டாம், தூக்கம் வேண்டும் என்று பொருள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விலகுவதற்கு ஓர் எளிய ஏற்பாடு, அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடுவதுபோல் தாழ்வான தடுப்பு. நீங்கள் அதைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றால் போதும். குட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் வேறு அறையில் அடைப்பதைவிட இது நல்லது. தூக்கும்போதே அது இன்னும் நாலு கடி கடிக்கும். உங்கள் கை நெருங்கினால் அடைத்துவிடுவார்கள் என்றும் பழகிவிடும்.

'நீங்களும் குட்டிபோல் கீச்சென்று கத்துங்கள்' என்று பலர் சொல்வார்கள். சில குட்டிகளிடம் இது அழகாக வேலை செய்யும். கத்தினதும் நின்றுவிடும், சில சமயம் நக்கவும் செய்யும். ஆனால் துறுதுறுப்பான குட்டிகள் பலவற்றுக்கு அந்தச் சத்தம் இன்னும் உற்சாகம் ஊட்டும். இரண்டு முறை முயன்று பாருங்கள். குட்டி பின்வாங்கினால் தொடருங்கள், பாய்ந்தால் உடனே விட்டுவிடுங்கள். குட்டி தோற்றுவிட்டது என்றோ நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றோ இதில் எதுவும் இல்லை.

கைக்கு மாற்றாக வாயில் எதையாவது கொடுப்பது இன்னொரு பாதி. குட்டி விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் பையில், சோபா ஓரத்தில், வாசலில் எல்லா இடத்திலும் ஒரு பொம்மை இருக்கட்டும். நீளமான துணிப் பொம்மை மிகவும் வசதி. அதைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தால் உங்கள் கணுக்காலை விட்டுவிட்டு அதைத் துரத்தும். ஆடு மாடு மேய்க்கும் இனத்துக் குட்டிகளுக்குக் காலைத் துரத்திக் கவ்வுவது பிறவிப் பழக்கம், அவற்றுக்கு இது கட்டாயம் தேவை. கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கும் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், 'விடு' என்றால் விட வேண்டும் என்ற ஒரே விதியோடு தாராளமாக விளையாடலாம். விட்டதும் ஒரு தின்பண்டம் கொடுத்து, உடனே மறுபடி இழுக்கக் கொடுங்கள். விட்டால் விளையாட்டு முடிந்துபோகாது என்று குட்டிக்குப் புரிந்துவிட்டால் விடுவது எளிதாகிவிடும்.

முதல் வாரத்தில் பலரைச் சோர்வடையச் செய்வது வேறொன்று. நீங்கள் சரியாக நடந்துகொள்ளத் தொடங்கியதும் கடி சில நாள் அதிகமாகும். இதுவரை கடித்தால் ஆள் கத்தினார், துள்ளினார், துரத்தினார். இப்போது எதுவும் நடக்கவில்லை. அதனால் குட்டி இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கிறது. இந்த இடத்தில் கைவிட்டால், 'அழுத்திக் கடித்தால்தான் நடக்கிறது' என்ற தவறான பாடம் பதிந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதும் அதனால்தான் முக்கியம். நால்வர் விலகிப்போக, ஒருவர் மட்டும் மாலையில் வந்து கையை ஆட்டி மல்யுத்தம் செய்தால், குட்டிக்குக் கை விளையாட்டுப் பொருளா இல்லையா என்பது கடைசி வரை புரியாது. அவரிடம் ஒரு கயிற்றுப் பொம்மையைக் கொடுத்துவிடுங்கள். அவருடைய உற்சாகமும் குட்டிக்கு வேண்டியதுதான்.

தூக்கம்

இதை எவ்வளவு சொன்னாலும் தகும். சின்னக் குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் தேவை. விழித்திருப்பது மொத்தமே நாலு முதல் ஆறு மணி நேரம்தான். வீட்டில் ஆள் நடமாட்டம், குழந்தைகள், விருந்தினர் என்று இருந்தால் குட்டி தானாகத் தூங்கப் போகாது. கண் செருகியபடியே எழுந்து எழுந்து வரும். தூக்கம் கெட்ட குழந்தை அழுது அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கம் கெட்ட குட்டி கடிக்கும்.

எங்கள் வீட்டுக் குட்டி தினமும் மாலை ஏழு மணிக்கு மேல் வேறு ஒரு மிருகமாக மாறிவிடும். அறையைச் சுற்றிச் சுற்றி ஓடும், திரைச்சீலையைக் கவ்வும், எங்கள் காலில் தொங்கும். நடை போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகம் ஓடவைத்தோம். நிலைமை மோசமானது. அப்புறம் மூன்று நாள் ஒரு காகிதத்தில் எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எப்போது கடித்தது என்று மட்டும் குறித்து வைத்தேன். பார்த்தால், நாலு மணிக்கு எழுந்த குட்டி ஏழு மணி வரை கண்ணே மூடவில்லை. நான்காம் நாள் ஐந்து மணிக்கே விளக்கைக் குறைத்து, அதன் படுக்கையைத் தடுப்புக்குள் போட்டு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தேன். பத்து நிமிடம் முனகிவிட்டுத் தூங்கிப்போனது. அன்று மாலை திரைச்சீலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரத்திலேயே கடி பாதிக்கு மேல் குறைந்தது.

நீங்களும் மூன்று நாள் குறித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் விழித்திருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூக்கம் என்பது தொடங்குவதற்கு நல்ல கணக்கு. விழித்திருக்கும் நேரத்திலும் ஓட்டம் மட்டுமே போதாது. மோப்பம் பிடிப்பது, மெல்லுவது, நக்குவது மூன்றும் குட்டியை அமைதிப்படுத்தும். அதன் உணவை ஒரு பழைய துண்டில் சுருட்டித் தேடி எடுக்கவிட்டாலே கால் மணி நேரம் ஓடிவிடும், மனமும் நிறைந்துவிடும்.

பல் விழும் மாதங்களில், அதாவது நாலு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை, கடிக்கும் ஆசை மறுபடி கூடும். ஈறு வீங்கி நமைக்கும். துணியை நனைத்து முறுக்கி உறைய வைத்துக் கொடுக்கலாம். ரப்பர் பொம்மையைக் குளிரவைத்தும் கொடுக்கலாம். துணியைக் கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பு, மான்கொம்பு போன்ற கடினப் பொருள்கள் வேண்டாம், பல் உடையும். உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாவிட்டால் அது குட்டியின் பல்லுக்கு ஏற்றதல்ல. பொம்மையில் துளி ரத்தக் கறை தெரிந்தால் பதற வேண்டாம், பல் விழுகிறது. பெரும்பாலும் அதை விழுங்கிவிடும். அதிலும் கெடுதல் இல்லை.

அடித்தால் என்ன ஆகும்

மூக்கில் தட்டுவது, வாயைப் பிடித்து மூடுவது, பிடரியைப் பிடித்து உலுக்குவது, மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடிப்பது. எல்லாமே இன்னும் நடக்கின்றன. 'யார் தலைவர் என்று காட்டினால்தான் அடங்கும்' என்பார்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை விடுவது எளிது. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை பதவிக்காகச் சண்டையிடுவதாக எழுதினார். அதிலிருந்துதான் கூட்டத்தின் தலைவன் என்ற கதை பரவியது. பிறகு காட்டு ஓநாய்களோடு பல கோடைகள் கழித்த டேவிட் மெக் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம் என்று காட்டினார். அடித்துப் பிடித்து வாங்கும் பதவி அங்கே இல்லை. அது போக, நாய் ஓநாயும் அல்ல, இரண்டு மாதக் குட்டிக்கு வீட்டை ஆளும் திட்டமும் கிடையாது.

அடி பலன் தருவதில்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் நாய்களைக் கொண்டுவந்தவர்களிடம் கேட்டு 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிப்பது, உதைப்பது என்று முயன்றவர்களில் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்குச் சீறியதாகவோ தாக்கியதாகவோ சொன்னார்கள். மல்லாக்க அழுத்திப் பிடித்தவர்களில் 31 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். பயத்துக்கு இரண்டு வழிதான் உண்டு, ஓடுவது அல்லது எதிர்ப்பது. அழுத்திப் பிடிக்கப்பட்ட குட்டிக்கு ஓட வழியில்லை. மிஞ்சியது ஒன்றுதான்.

இன்னொன்றும் நடக்கும். கை என்றால் அடி என்று பதிந்துவிட்டால், அப்புறம் கழுத்துப்பட்டை மாட்டுவது, நகம் வெட்டுவது, காதில் மருந்து விடுவது எல்லாமே போராட்டமாகிவிடும். நாயோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழப்போகிறோம். நம் கையைப் பார்த்து அது பின்வாங்குவதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்கிறது?

உறுமினால் அடக்காதீர்கள்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்று சொல்லிச் சொல்லி, நாயின் எச்சரிக்கையைக் காதில் வாங்காமலிருக்க நாம் பழகிவிட்டோம். உறுமல் என்பது நாய் பேசும் பேச்சு. 'எனக்கு இது பிடிக்கவில்லை, கொஞ்சம் விலகு' என்று அது சொல்கிறது. உறுமியதற்காகத் திட்டி அடித்தால் பிடிக்காத விஷயம் பிடித்ததாகிவிடாது. உறுமல் மட்டும் நின்றுபோகும். அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் பல் வரும். 'எந்த அறிகுறியும் இல்லாமல் திடீரென்று கடித்தது' என்று பலர் சொல்லும் கதைக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி அடக்கப்பட்ட உறுமல்கள் இருக்கும்.

விளையாட்டில் வரும் உறுமல் வேறு, பயத்தில் வரும் உறுமல் வேறு. இரண்டையும் காதால் பிரிப்பது கடினம், கண்ணால் பிரிக்கலாம். விளையாடும் குட்டியின் உடம்பு தளர்வாக, வளைந்து நெளிந்து இருக்கும். முன்னங்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, 'வா' என்று கூப்பிடும். வாய் திறந்திருக்கும், குதித்துக் குதித்து நகரும், நடுநடுவே தானாக நிறுத்தும். பயந்த அல்லது எரிச்சலான குட்டியின் உடம்பு விறைத்துப்போகும். அசைவு நின்றுவிடும். உதடு இறுகும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டிப் பார்ப்பதால் வெள்ளை விழி பிறைபோல் தெரியும். அந்த அசையாமையைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். ஓயாமல் துள்ளும் குட்டி சட்டென்று கல்லாகிவிட்டால் அதைப் பார்த்து நாமும் நிறுத்த வேண்டும்.

உறுமலுக்கும் முன்பே சின்னச் சின்ன அறிகுறிகள் உண்டு. பிரிட்டன் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்டு இவற்றை ஓர் ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படியில் கண் சிமிட்டல், கொட்டாவி, மூக்கை நக்குவது. பிறகு முகத்தைத் திருப்புவது, உடம்பைத் திருப்புவது, நடந்து விலகுவது, காதை மடக்கிப் பதுங்குவது, வாலை உள்ளே இழுப்பது. அப்புறம் விறைப்பு, உறுமல், காற்றைக் கடிப்பது, கடைசியில் கடி. குழந்தை கட்டிப்பிடிக்கும்போது குட்டி முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டால் அது தூக்கக் கொட்டாவி அல்ல. அப்போதே குழந்தையை விலக்கிவிட்டால் மேல்படிகளுக்கு ஏற வேண்டிய தேவை குட்டிக்கு வராது.

உண்மையான உறுமல் இந்த வயதில் அதிகம் கேட்பது சாப்பாட்டுத் தட்டின் அருகேதான். பழக்குகிறேன் என்று தட்டில் கை விடுவது, நடுவில் தட்டை எடுத்துவிடுவது வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் யார் கிட்ட வந்தாலும் சாப்பாடு பறிபோகும் என்றுதான் குட்டி கற்கும். அதற்கு மாறாக, சாப்பிடும்போது இரண்டடி தள்ளி நடந்துபோகிறபோக்கில் தட்டில் இருப்பதைவிடச் சுவையான ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். சில நாளில் நீங்கள் கிட்ட வந்தாலே வால் ஆடும். வாயில் செருப்பு வைத்திருந்தாலும் இதே வழிதான். பிடுங்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். தின்பண்டத்தைக் காட்டி, விட்டதும் கொடுத்து, அமைதியாகச் செருப்பை எடுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு விதியை மட்டும் தளர்த்தவே வேண்டாம். பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தையையும் குட்டியையும் சேர்த்து விடக்கூடாது. அலறிக்கொண்டு ஓடும் குழந்தை, குட்டியின் கண்ணுக்குத் துரத்த வேண்டிய பொருள். 'குட்டி பாய்ந்தால் மரம் மாதிரி நில், கையைக் கட்டிக்கொள், வானத்தைப் பார்' என்று குழந்தைக்கு ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். ஆச்சரியப்படும்படி கற்றுக்கொள்வார்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

மேலே சொன்னவை சாதாரணக் குட்டிக்கு. தொட்டால், தூக்கினால் உடம்பு விறைத்துப்போய், பிடியை விடாமல் கடிப்பது, தட்டருகே யார் வந்தாலும் அசையாமல் முறைத்துப் பிறகு பாய்வது, பல் ஆழமாகத் துளைத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொள்வது, இதுவரை சாதுவாக இருந்த குட்டி ஒரே நாளில் மாறுவது ஆகியவை வேறு. காதில் சீழ், பாதத்தில் முள், வயிற்று வலி, மூட்டு வலி என்று எதுவும் காரணமாக இருக்கலாம். வலியை முதலில் தேட வேண்டும். வலி இல்லை என்று தெரிந்தால் நாய் நடத்தையில் தேர்ந்த மருத்துவரோ, அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளரோ வேண்டும். 'வளர்ந்தால் சரியாகும்' என்று இவற்றில் காத்திருக்கக் கூடாது. இந்த வயதில் எளிதாகத் திரும்பும் பழக்கம் ஓராண்டு ஆனால் திரும்ப மறுக்கும்.

தோல் கிழிந்து ரத்தம் வந்தால் குட்டிதானே என்று துடைத்துவிட்டுப் போகக் கூடாது. ரேபீஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதத்துக்குப் பிறகுதான் போடப்படுகிறது. அதற்கு முன்பு வரும் குட்டி எங்கே இருந்தது, அதன் தாய்க்கு ஊசி போட்டார்களா என்று நமக்குத் தெரியாமலிருக்கலாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதலுதவி. பிறகு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோய்க்குச் சிகிச்சை கிடையாது. நேரத்தில் போடும் ஊசி ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றும்.

குட்டி பெரிதாகி நிஜமாகவே ஆக்ரோஷமாக மாறுவதற்குப் பெரும்பாலும் பயம்தான் வேர். புதிய மனிதர், சத்தம், குடை, சக்கர வண்டி, மற்ற நாய்கள் எல்லாவற்றையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி, பன்னிரண்டு பதினான்கு வாரத்துக்குள் குறுகிப்போகிறது. தடுப்பூசி முழுவதும் முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். விலங்கு நடத்தையில் ஈடுபட்ட அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம், முதல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் கழித்து, ஏழு எட்டு வாரத்திலேயே குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்கிறது. உங்கள் பகுதியில் நோய்ப் பரவல் எப்படி என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மடியில் வைத்தாவது உலகத்தைக் காட்டுங்கள். ஊசி போட்ட, சாதுவான பெரிய நாய் ஒன்று நண்பர் வீட்டில் இருந்தால் அதோடு பழகவிடுவது பெரிய கொடை. கடியின் அளவை அது நம்மைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

ஆறு ஏழு மாதத்தில் பற்கள் எல்லாம் வந்தபின் கடி வெகுவாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஒரு முறை வாயைத் திறந்து பாருங்கள். சில குட்டிகளுக்குப் புதிய கோரைப் பல்லின் பக்கத்திலேயே பழைய பால் பல் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், முக்கியமாகச் சிறிய இனங்களில். அதை மருத்துவர் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை கோணும், உணவு சிக்கி ஈறு புண்ணாகும். வாயைத் திறந்து பார்க்கக் குட்டி விட வேண்டுமே என்பீர்கள். அதற்கு இன்றே தொடங்கலாம். தூங்கி எழுந்து அமைதியாக இருக்கும் நேரத்தில் உதட்டை ஒரு நொடி லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடனே கையை எடுத்து ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். நாளைக்கு இரண்டு நொடி. அடுத்த வாரம் விரலால் ஒரு பல்லைத் தொடலாம்.